கேமராவையும் கைப்பேசியையும் கம்பியில்லாமல் இணைப்பது: ஒரு கல்யாண வீட்டுக் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் இருக்கின்றன. அடுத்த மாதம் அக்கா மகளுக்குத் திருமணம். எடுக்கிற படங்களில் சிலவற்றை மண்டபத்தில் இருந்தபடியே உறவினர்களுக்கு அனுப்ப விரும்புகிறேன். கேமராவின் வைஃபையில் கைப்பேசி இணைகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் தானாகவே அறுந்துவிடுகிறது. ப்ளூடூத்தில் தேடினால் கேமராவின் பெயரே வருவதில்லை. கேமராவில் பழுதா?

பதில்: பழுது எதுவும் இல்லை. 2018இல் வெளிவந்த 1500டியில் வைஃபையும் என்எஃப்சியும் (இரு கருவிகளை ஒட்டி வைத்தாலே இணைப்பைத் தொடங்கும் வசதி) மட்டுமே உண்டு, ப்ளூடூத் கிடையாது. அதனால் ப்ளூடூத்தில் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். இணைப்பு அறுவதற்குக் காரணம் கேமராவில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்தக் கேமராவை மட்டுமல்ல, இனி நீங்கள் வாங்கப்போகும் எந்தக் கேமராவையும் தயக்கமில்லாமல் இணைத்துவிடலாம். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

வீட்டு வைஃபை என்றால் அதன் பின்னால் இணையம் இருக்கும். கேமரா உருவாக்கும் வைஃபையின் பின்னால் எதுவும் இல்லை. கேமராவுக்கும் கைப்பேசிக்கும் இடையில் மட்டும் ஓடுகிற இணைப்பு அது. கைப்பேசியோ எந்தப் புதிய வைஃபையில் சேர்ந்தாலும் உடனே இணையத்தில் ஒரு முகவரியைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்கும். பதில் வராவிட்டால் ‘இந்த வைஃபையால் பயனில்லை’ என்று முடிவுசெய்து, மொபைல் டேட்டாவுக்கோ முன்பு சேமித்து வைத்த வேறொரு வைஃபைக்கோ தாவிவிடும். அப்படித் தாவுவதற்கு முன் உங்களிடம் ஒருமுறை கேட்கவும் செய்கிறது. திரையின் மேல்பக்கத்தில் ‘இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை, இணைப்பில் நீடிக்க வேண்டுமா?’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். அந்த நேரத்தில் நம் கண் கேமராவின் திரையில் இருக்கும். அறிவிப்பு நாம் பார்க்காமலேயே மறைந்துவிடும், கைப்பேசி தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். அதைத் தொட்டு, ‘மீண்டும் கேட்க வேண்டாம்’ என்ற பெட்டியையும் தேர்வு செய்து, ‘ஆம்’ என்று சொல்லுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி கைப்பேசியின் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. வைஃபை பலவீனமானால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதி இப்போது ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஐபோனில் அது வைஃபை அசிஸ்ட். ஐபோனில் மொபைல் டேட்டா அமைப்புகளின் அடியிலும், ஆண்ட்ராய்டில் வழக்கமாக வைஃபை அமைப்புகளின் கூடுதல் பகுதியிலும் தேடினால் கிடைக்கும், அணைத்துவிடுங்கள். தேட நேரமில்லையென்றால் கேமராவை இணைப்பதற்கு முன் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுவதே சுருக்கமான வழி. விபிஎன் செயலி (கைப்பேசியின் இணையப் போக்குவரத்தை மறைவான ஒரு வழியில் அனுப்புவது) ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். கேமராவைத் தேடும் கோரிக்கையையும் அது தன் சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இனி வரிசை. கேனானின் ‘கேமரா கனெக்ட்’ செயலியை முன்கூட்டியே நிறுவி, ஒருமுறை திறந்து அனுமதிகளைக் கொடுத்துவிடுங்கள். கேமராவின் மெனுவில் ‘வைஃபை/என்எஃப்சி’ வரியை ‘எனேபிள்’ என்று மாற்றுங்கள். முதல் தடவை கேமராவுக்கு ஒரு பெயர் கேட்கும்; எதை வைத்தாலும் சரி, மண்டபத்தில் வேறு கேமராக்களும் இருக்கலாம் என்பதால் அடையாளம் தெரியும்படி வையுங்கள். பிறகு ‘வைஃபை ஃபங்ஷன்’ பகுதியில் கைப்பேசிப் படத்தைத் தேர்ந்தெடுத்து, எளிய இணைப்பைக் கொடுத்தால் கேமராவின் திரையில் ஒரு நெட்வொர்க் பெயரும் கடவுச்சொல்லும் தோன்றும். கைப்பேசியின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரைத் தேடித் தொட்டு, கடவுச்சொல்லை உள்ளிட்டு, இணையம் இல்லை என்ற கேள்விக்கு ‘ஆம், நீடிக்கிறேன்’ என்று பதில் சொல்லிவிட்டு, அதன் பிறகே செயலியைத் திறங்கள். செயலியில் கேமராவின் பெயர் தெரியும். தொட்டால் கேமரா உங்களிடம் உறுதி கேட்கும். கேமராவிலும் ‘ஓகே’ அழுத்த வேண்டும். இந்தக் கடைசி அழுத்தத்தை மறந்துவிட்டுச் செயலியையே பார்த்துக்கொண்டு காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

என்எஃப்சி உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியாக இருந்தால் கேமராவின் பக்கவாட்டில் உள்ள ‘என்’ குறியில் அதை ஒட்டி வைத்தாலே கடவுச்சொல் தட்டும் வேலை மிச்சம். ஆனால் என்எஃப்சி இணைப்பைத் தொடங்கி மட்டுமே வைக்கும். படங்கள் வருவது அப்போதும் வைஃபை வழியாகத்தான். அதனால் வேகம் அதிகரிக்காது.

செயலியில் கேமரா தெரியவே இல்லையென்றால் அனுமதியைச் சந்தேகியுங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, அருகிலுள்ள கருவிகளைத் தேட வேண்டுமென்றால் செயலிக்கு இருப்பிட அனுமதி வேண்டும். படம் மாற்றும் செயலிக்கு நான் இருக்கும் இடம் எதற்கு என்று பலர் அதை மறுத்துவிடுகிறார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் சுற்றியுள்ள வைஃபை, ப்ளூடூத் பெயர்களை வைத்தே ஒருவர் இருக்குமிடத்தைக் கணித்துவிட முடியும் என்பதால் கருவிகளைத் தேடுவதையும் இருப்பிடத்தையும் ஒரே அனுமதிக்குள் கூகுள் கட்டி வைத்திருந்தது. ஆண்ட்ராய்டு 12இல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி வந்தது. ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் ‘உள்ளூர் நெட்வொர்க்’ என்ற அனுமதி கேட்கப்படுகிறது. அதற்கு ஒருமுறை ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் வைஃபை சரியாக இணைந்திருந்தும் செயலிக்குக் கேமரா கண்ணில் படாது. தனியுரிமை அமைப்புகளுக்குள் போய் மாற்றிவிடலாம்.

இப்போது உங்கள் தேவைக்கு வருகிறேன். படத்தைக் கேமராவிலிருந்து கைப்பேசிக்குக் கொண்டுவருவதோடு உங்கள் வேலை முடியவில்லை, அங்கிருந்து உறவினர்களுக்கும் போக வேண்டும். கேமராவின் வைஃபையைப் பிடித்திருக்கும்போது கைப்பேசிக்கு இணையம் இல்லை. படத்தை எடு, இணைப்பை விடு, டேட்டாவைப் போடு, வாட்ஸாப்பில் அனுப்பு, மறுபடி இணை என்று ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டிருந்தால் முகூர்த்தம் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு நல்ல மாற்றுவழி இருக்கிறது, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. கைப்பேசியைக் கேமராவின் வைஃபையில் சேர்ப்பதற்குப் பதிலாக, கேமராவைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துவிடுங்கள். வீட்டு வைஃபையில் கேமராவைச் சேர்ப்பதற்காக மெனுவில் இருக்கும் அதே வழிதான்: நெட்வொர்க்கைத் தேடச் சொன்னால் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரும் பட்டியலில் வரும். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதால் செயலி கேமராவைக் கண்டுபிடித்துவிடும். கைப்பேசியின் மொபைல் டேட்டாவும் தடையில்லாமல் ஓடும். இணையம் இல்லை என்ற கேள்வியே எழாது. படம் வந்ததும் அடுத்த நொடியே அனுப்பலாம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் கேமராவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் கேமராவின் பட்டியலில் அது வராது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் இணக்கத்தன்மையை அதிகரிக்கும் விருப்பம் ஒன்று இருக்கிறது, அதுவே இந்த வேலையைச் செய்யும். ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லையும் எளிதாகத் தட்டக்கூடியதாக மாற்றி வையுங்கள். 1500டியில் தொடுதிரை கிடையாது. ஒவ்வோர் எழுத்தாக அம்புப் பொத்தானால் நகர்த்தி உள்ளிட வேண்டியிருக்கும். சில கைப்பேசிகள் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த கருவியைத் தம் சொந்தச் செயலிக்குக் காட்ட மறுக்கும். உங்களுடையது எப்படி என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

கல்யாண மண்டபம் என்பது 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மிகக் கடினமான இடம். நூற்றுக்கணக்கான கைப்பேசிகள், மண்டபத்தின் சொந்த வைஃபை, ப்ளூடூத் ஒலிபெருக்கிகள் எல்லாம் அந்தக் குறுகிய அலைவரிசைக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அங்கே கேமராவையும் கைப்பேசியையும் ஒரே ஆள் கையில் வைத்திருப்பது நல்லது. கேமரா மேடையிலும் கைப்பேசி சாப்பாட்டுக் கூடத்திலும் இருந்தால் எதிர்பார்க்காதீர்கள்.

எவ்வளவு படம் அனுப்பலாம் என்பதில் என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன். கம்பியில்லா இணைப்பு மெமரி கார்டைக் காலி செய்வதற்கான வழி இல்லை. உங்கள் கேமராவின் முழு அளவுப் படம் 6000×4000 புள்ளிகள். ஜேபெக் கோப்பாக ஏறத்தாழ 7, 8 மெகாபைட் வரும். நொடிக்கு 2 மெகாபைட் கிடைத்தால் ஒரு படத்துக்கு 4 நொடி. 10 படம் என்றால் பரவாயில்லை. 500 படம் என்றால் அரை மணி நேரத்துக்கும் மேல், அதுவும் இடையில் அறுந்துபோகாமல் இருந்தால். ரா கோப்புகள் (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்கித் திருத்தாமல் வைத்திருப்பவை) இதைப்போல மூன்று நான்கு மடங்கு பெரியவை; அவற்றை இந்த வழியில் நினைக்கவே வேண்டாம். நீங்கள் ராவில் எடுப்பவராக இருந்தால் அன்றைக்கு ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதிவாகும்படி வையுங்கள். கைப்பேசிக்கு ஜேபெக், பிறகு நிதானமாகத் திருத்துவதற்கு ரா.

வாட்ஸாப் எப்படியும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஆகவே செயலியின் அமைப்பில் சேமிக்கும்போதே அளவைக் குறைக்கும் விருப்பத்தைப் போட்டுவிடுங்கள். கைப்பேசித் திரையில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. யாராவது ஆல்பத்துக்காக முழுப் படத்தைக் கேட்டால் அதை மட்டும் அசல் அளவில் எடுத்து, வாட்ஸாப்பில் புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள்.

கார்டில் ஆயிரம் படம் இருந்தால் செயலி அத்தனைக்கும் சிறுபடம் காட்ட முயலும். விரலை வைத்துத் தள்ளத் தள்ள சாம்பல் நிறக் கட்டங்களாகவே வந்துகொண்டிருக்கும். இதைத் தவிர்க்கக் கேமராவிலேயே ஒரு வசதி இருக்கிறது. கைப்பேசிக்கு எந்தப் படங்களைக் காட்டலாம் என்று நீங்களே வரையறுக்கலாம்: எல்லாப் படங்களும், கடந்த சில நாட்களில் எடுத்தவை, குறிப்பிட்ட நட்சத்திர மதிப்பு பெற்றவை, குறிப்பிட்ட எண் வரிசையில் உள்ளவை. நான் பரிந்துரைப்பது நட்சத்திரத்தை. மாலை மாற்றும் சடங்கு முடிந்ததும் ஒரு நிமிடம் ஒதுங்கி நின்று, எடுத்தவற்றைக் கேமராவின் திரையில் ஓட்டிப் பார்த்து, நன்றாக வந்த நான்கைந்துக்கு மட்டும் ஒரு நட்சத்திரம் கொடுங்கள். கண்மூடியவை, மங்கியவை, யாரோ குறுக்கே போனவை எல்லாம் அங்கேயே கழிந்துவிடும். நட்சத்திரம் பெற்றவை மட்டும் தெரியும்படி வைத்தால் செயலியைத் திறந்தவுடன் அந்த நான்கைந்து மட்டுமே கண்முன் நிற்கும். நம் வீட்டுப் பெண்ணின் படத்தை அயலூரில் இருந்து பார்க்கப்போகிறவர்களுக்கு நல்ல படம் போக வேண்டும் அல்லவா? தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நிமிடத்தை வேகத்துக்காகத் தியாகம் செய்யாதீர்கள்.

மின்கலத்தை மறக்க வேண்டாம். 1500டியின் எல்பி-இ10 மின்கலம் 860 மில்லியாம்பியர்-மணி மட்டுமே. வைஃபையைத் திறந்தே வைத்திருந்தால் அது விரைவாகக் கரையும். அனுப்பி முடித்ததும் மெனுவுக்குப் போய் வைஃபையை அணையுங்கள். இரண்டாவது மின்கலம் பையில் இருக்கட்டும். இன்னொன்று: தானாக அணையும் நேரம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தால் கேமரா உறங்கும்போது வைஃபை இணைப்பும் போய்விடும். அனுப்பும் நேரத்தில் அதைச் சில நிமிடங்களாக நீட்டிவையுங்கள்.

படம் மாற்றுவதைவிட எனக்குப் பிடித்த பயன் வேறொன்று: கைப்பேசியிலிருந்தே கேமராவை இயக்குவது. கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது எடுப்பவர் எப்போதும் படத்தில் இருக்க மாட்டார். முக்காலியில் கேமராவை நிறுத்தி, செயலியில் தொலைவிலிருந்து படமெடுக்கும் பகுதியைத் திறங்கள். ‘டக்’கென்று கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே ஏறும் சத்தம் கேட்கும், கேமரா காணும் காட்சி கைப்பேசியில் ஓடத் தொடங்கும். நடுவில் நிற்பவரின் முகத்தில் விரலால் தொட்டால் குவியக் கட்டம் அங்கே நகரும். கூர்மை கிடைத்ததும் பச்சையாகும். இந்தக் கேமராவில் அது சற்று நிதானமாகத்தான் நடக்கும், இருட்டான மண்டபத்தில் இன்னும் தாமதிக்கும். அதனால் எல்லோரையும் நிறுத்துவதற்கு முன்பே ஒருவரை நிற்கவைத்துக் குவியத்தைப் பிடித்து, லென்ஸில் உள்ள விசையால் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். டைமரைப் போட்டுவிட்டால் கைப்பேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். திரையிலேயே யார் முகம் யாருக்குப் பின்னால் மறைகிறது என்று பார்த்துக்கொண்டே ஆட்களை நகர்த்தலாம் என்பது இதில் கிடைக்கும் பெரிய லாபம்.

நாளை ப்ளூடூத் உள்ள கேமரா வாங்கினால் கதை கொஞ்சம் மாறும். ப்ளூடூத் மிகக் குறைந்த மின்சாரத்தில் எப்போதும் தொடர்பில் இருந்து, தேவைப்படும்போது வைஃபையைத் தட்டி எழுப்பும் வேலையைச் செய்கிறது. பெரிய கோப்பைச் சுமப்பது அப்போதும் வைஃபைதான். நிக்கான் 2016இல் கொண்டுவந்த ஸ்நாப்பிரிட்ஜ், எடுத்த படங்களை 2 மெகாபிக்சலாகச் சுருக்கி ப்ளூடூத் வழியாகவே பின்னணியில் அனுப்பிக்கொண்டிருக்கும். உங்களைப் போன்ற தேவைக்கு அது பொருத்தம். கேமராவின் கடிகாரமும் கைப்பேசியைப் பார்த்துத் தானே சரியாகிவிடும். இரண்டு பேர் இரண்டு கேமராக்களில் எடுத்த கல்யாணப் படங்களை நேர வரிசையில் அடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

ப்ளூடூத் கேமராக்களில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றே: கைப்பேசியின் ப்ளூடூத் பக்கத்தில் போய் இணைப்பது. அங்கே தொடாதீர்கள், செயலிக்குள் இருந்தே தொடங்க வேண்டும். ஏற்கெனவே குழம்பிவிட்டால், கைப்பேசியின் பட்டியலிலும் கேமராவின் பட்டியலிலும் பழைய பதிவை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் போதாது.

பழைய கேமராவை விலைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமரா பத்து ஆண்டு உழைக்கும். அதன் செயலி அத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. சோனியில் பிளேமெமரீஸ் மொபைல் 2019இல் இமேஜிங் எட்ஜ் மொபைல் ஆனது, 2023இல் கிரியேட்டர்ஸ் ஆப் வந்தது. எல்லாப் பழைய மாடல்களும் புதிய செயலிக்கு வந்துசேரவில்லை. மெமரி கார்டுக்குள்ளேயே வைஃபையை வைத்து 2007இல் வெளிவந்த ஐ-ஃபை கார்டுகளின் முடிவு இன்னும் பெரிய பாடம். அவற்றின் பழைய தலைமுறைகள் நிறுவனத்தின் இணையச் சேவையை நம்பி இருந்தன. 2016 செப்டம்பரில் சேவை நிறுத்தப்பட்டதும் அவற்றின் வைஃபை வசதி பெரும்பாலும் பயனற்றுப் போனது. பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாடலுக்கான செயலி உங்கள் கைப்பேசியில் இன்றைக்கு நிறுவ முடிகிறதா என்று பாருங்கள்.

மண்டபத்தின் பொது வைஃபையில் கேமராவைச் சேர்க்க வேண்டாம். 2019இல் செக் பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கேனான் 80டி கேமராவுக்குள் வைஃபை வழியே நுழைந்து, கார்டில் உள்ள படங்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருளை இயக்கிக் காட்டினார்கள். படங்களைப் பரிமாறும் பிடிபி என்ற நெறிமுறையைக் கேமரா கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டைதான் காரணம். கேனான் எச்சரிக்கையும் திருத்தமும் வெளியிட்டது. உங்கள் கேமராவுக்கு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு ஏதாவது வந்திருந்தால் போட்டுவிடுங்கள். சொந்த ஹாட்ஸ்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்றாவது கேமராவை விற்றால் வைஃபை அமைப்புகளை அழித்துவிட்டுக் கொடுங்கள், உங்கள் நெட்வொர்க்கின் கடவுச்சொல் அதில் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு டைப்-சி கார்டு ரீடரைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்வேன். விலை குறைவு, அனுமதி கேட்காது, அலைவரிசை நெரிசல் அதைத் தொடாது. முழு நாளின் படங்களையும் கைப்பேசியில் ஏற்ற வேண்டுமென்றால் அதுவே சரியான வழி. சில கைப்பேசிகள் 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகளில் கோப்புகள் அடுக்கப்படும் எக்ஸ்ஃபேட் என்ற முறையைப் படிக்காது என்பதால் 32 ஜிபி கார்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். கேமராவிலிருந்து நேராகக் கேபிள் போடுவதாக இருந்தால் 1500டியின் பக்கம் பழைய மினி-யுஎஸ்பி துளைதான், அதற்கேற்ற கேபிள் வேண்டும். கேமராவில் வைஃபை ‘எனேபிள்’ நிலையில் இருக்கும்வரை அந்தக் கேபிள் வேலை செய்யாது. முதலில் அதை அணைத்துவிட்டுச் செருகுங்கள்.